பரிகார நாளில் பிறந்த பெண்

பிறந்தநாள் என்றால் நமக்கு மகிழ்ச்சி. அன்று புத்தாடை உடுத்துகிறோம். வகுப்பில் அனைவருக்கும் இனிப்பு வழங்குகிறோம். வீட்டில் அம்மா பாயசம் வைக்கிறார். ஆனால் ஒருவாய்ச் சோறும் ஒருவாய்த் தண்ணீரும் இன்றி, பகலெல்லாம் செபத்தில் கழிக்க வேண்டிய ஒரு நாளே தன் உண்மையான பிறந்தநாள் என்று சொல்லக் கேட்டு வளர்ந்த ஒரு சிறுமி இருந்தாள். அந்த நோன்பு நாளை அவள் வெறுக்கவில்லை. பலகாரங்கள் நிறைந்த பண்டிகைகள் பல இருந்தும், எல்லாவற்றிலும் அதையே அதிகமாக விரும்பினாள். அவள்தான் எடித் ஸ்டெயின். யூதப் பெண்ணாகப் பிறந்து, தத்துவ அறிஞராக உயர்ந்து, ஆசிரியையாகப் பணியாற்றி, கார்மேல் மடத்துக் கன்னிகையாகி, இறுதியில் தம் மக்களோடு உயிர் நீத்த அவரது வாழ்க்கையை இங்கே காண்போம்.

பரிகார நாள் என்பது என்ன?

எடித்தின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, அவர் பிறந்த நாளைப் பற்றி முதலில் அறிய வேண்டும். யூதர்களின் நாட்காட்டியில் திஷ்ரி என்னும் மாதத்தின் பத்தாம் நாள் யோம் கிப்பூர், அதாவது பாவப் பரிகார நாள். ஆண்டின் மிகப் புனிதமான நாள் அதுவே. திஷ்ரி மாதத்தின் முதல் நாள் யூதர்களின் புத்தாண்டு. அன்று தொடங்கிப் பத்தாம் நாள் வரை மனந்திரும்புதலின் பத்து நாட்கள் எனப்படும். அந்த நாட்களில் ஒருவர் தாம் மனம் நோகச் செய்தவர்களைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்க வேண்டும். கடவுளுக்கு எதிராகச் செய்த பாவத்திற்குப் பரிகார நாள் மன்னிப்புப் பெற்றுத்தரும். ஆனால் அயலானுக்குச் செய்த தீங்கை, அந்த அயலானைச் சமாதானப்படுத்தாதவரை அந்த நாளும் போக்காது என்பது யூத குருமாரின் பழைய போதனை. காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால், முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று நம் ஆண்டவர் கற்பித்ததும் இதனோடு எவ்வளவு பொருந்துகிறது!

பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தில் இந்த நாளின் சடங்குகளை வாசிக்கிறோம். தலைமைக் குரு ஆடம்பர உடைகளைக் களைந்து, சாதாரண மெல்லிய சணல் ஆடை அணிவார். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களின்மேல் சீட்டுப் போடப்படும். ஒன்று ஆண்டவருக்குப் பலியாகும். மற்றதன் தலைமேல் குரு தம் இரு கைகளையும் வைத்து மக்களின் பாவங்களையெல்லாம் அறிக்கையிடுவார். பிறகு அது பாலைவனத்துக்குத் துரத்தப்படும். அதுவே போக்காடு. ஆண்டில் இந்த ஒரு நாளில் மட்டுமே தலைமைக் குரு திருத்தூயகத்துக்குள் நுழைவார். கி.பி. 70-ஆம் ஆண்டில் உரோமையர் எருசலேம் ஆலயத்தை இடித்தபின் பலிகள் நின்றுபோயின. நோன்பும் செபமும் மனந்திரும்புதலும் மட்டும் நின்றுபோகவில்லை.

நம்முடைய ஒருசந்தி நாளில் ஒருவேளை உணவு உண்டு; தண்ணீருக்குத் தடை இல்லை. யோம் கிப்பூர் நோன்போ அதைவிடக் கடுமையானது. முதல் நாள் சூரியன் மறையுமுன் தொடங்கி, மறுநாள் இரவு விண்மீன்கள் தோன்றும்வரை ஏறக்குறைய 25 மணி நேரம் உணவும் இல்லை, நீரும் இல்லை. குளிப்பதில்லை, நறுமணத் தைலம் பூசுவதில்லை, தோல் செருப்பு அணிவதில்லை. பலர் வெள்ளை உடை உடுத்துவர். பெண் பிள்ளைகள் 12 வயதிலிருந்தும் ஆண் பிள்ளைகள் 13 வயதிலிருந்தும் இந்த நோன்புக்குக் கடமைப்பட்டவர்கள். ஆனால் உயிருக்கு ஆபத்து வருமானால் நோயாளி நோன்பு இருக்கக் கூடாது என்பதும் சட்டமே. முதல் நாள் மாலையில் கோல் நித்ரே என்னும் பழம்பெரும் அறிக்கை உருக்கமான இராகத்தில் பாடப்படும். மறுநாள் பிற்பகலில் யோனாஸ் தீர்க்கதரிசியின் ஆகமம் வாசிக்கப்படும். நினிவே நகரத்தார் உண்ணாமல் இருந்து மனந்திரும்பினார்கள் அல்லவா? மாலையில், வானகத்தின் கதவுகள் அடைபடும் வேளை என்று நினைத்து இறுதி மன்றாட்டுச் செபிப்பார்கள். ஆட்டுக்கடாவின் கொம்பினால் செய்த எக்காளம் நீண்டு ஒலிக்க, நோன்பு முடிவுபெறும்.

பிறப்பும் இளமையும்

1891-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் அத்தகைய ஒரு பரிகார நாளாக அமைந்தது. அன்று ஜெர்மனியின் ப்ரெஸ்லாவ் நகரில் எடித் பிறந்தார். அந்த நகரம் இன்று போலந்து நாட்டில் வ்ரோட்ஸ்வாஃப் என்று வழங்குகிறது. பதினொரு குழந்தைகளில் அவரே கடைக்குட்டி. நால்வர் இளமையிலேயே இறந்துவிட எழுவர் எஞ்சினர். தந்தை சீக்பிரீட் மர வியாபாரி. எடித்துக்கு இரண்டு வயது நிறையுமுன், 1893-ஆம் ஆண்டின் கோடையில், வியாபாரத்துக்காகச் சென்ற வழியில் வெயிலின் கொடுமை தாங்காது அவர் உயிர் துறந்தார்.

கடன் சுமந்த மரக்கடையும் ஏழு பிள்ளைகளும் தாய் ஆகுஸ்தாவின் தலையில் விழுந்தன. கடையை விற்றுவிடும்படி உறவினர் கூறினர். அவர் கேட்கவில்லை. விடியற்காலை முதல் கடையில் நின்று, தொழிலைக் கற்று, கடனை அடைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கணவனை இழந்த பெண் ஆண்களின் தொழிலில் இறங்கி வெல்வது அந்தக் காலத்தில் எளிதான காரியமா? அவருடைய பலமெல்லாம் கடவுள் பக்தியே. சனிக்கிழமை ஓய்வுநாள், பாஸ்கா, கூடாரப் பண்டிகை ஆகிய எல்லாவற்றையும் முறைப்படி அனுசரித்தார். பரிகார நாளன்று முழுப் பகலையும் செபக்கூடத்திலேயே கழிப்பார். கடைசிக் குழந்தை அந்தப் பெருநாளில் பிறந்ததைத் தாய் ஒரு சிறப்பான அடையாளமாகக் கருதினார். அதனாலேயே அவள்மீது அவருக்குத் தனிப் பாசம்.

எடித் மிகவும் கெட்டிக்காரி. பாலர் பள்ளி அவருக்குப் பிடிக்கவில்லை. பெரிய பள்ளிக்குப் போக வேண்டும் என்று அடம் பிடித்தார். 1897-இல் ஆறாம் பிறந்தநாள் வந்தபோது, வேறு பரிசு வேண்டாம், பள்ளியில் சேர்த்தால் போதும் என்று கெஞ்சிக் கேட்டார். கல்வியாண்டின் நடுவிலும் விக்டோரியா பள்ளியில் இடம் கிடைத்தது. விடுமுறை எப்போது வரும் என்று நாட்காட்டியைப் பார்க்கும் நமக்கு, பள்ளியையே பரிசாகக் கேட்ட இச்சிறுமி ஓர் ஆச்சரியம்தான்.

செபத்தை விட்ட பதினைந்து வயது

ஆனால் அந்த ஆர்வமும் ஒரு கட்டத்தில் குன்றியது. 1906-ஆம் ஆண்டில், ஏறக்குறைய நம் வயதில், எடித் படிப்பை நிறுத்திவிட்டார். ஹம்பர்க் நகரில் மணம் முடித்து வாழ்ந்த அக்காள் எல்சாவுக்கு உதவியாகப் போய்ப் பல மாதங்கள் தங்கினார். அந்த வீட்டில் சமயப் பற்று இல்லை. அங்கேதான் எடித் செபிப்பதை நிறுத்தினார். மறந்துபோய் விட்டுவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. நன்றாக யோசித்து, வேண்டுமென்றே விட்டார். கடவுள் இருக்கிறார் என்று மனதார நம்ப முடியாதபோது உதட்டால் மட்டும் செபிப்பது நேர்மை அல்ல என்பது அவர் எண்ணம்.

பிறகு ஊர் திரும்பி, விட்ட பாடங்களைச் சில மாதங்களிலேயே படித்து முடித்து, மேல்நிலைப் படிப்பைத் தொடர்ந்தார். 1911-இல் பல்கலைக்கழக நுழைவுக்கான தேர்வில் சிறப்பாகத் தேறினார். வீட்டில் ஆண்டுதோறும் பரிகார நாள் வந்தது. பிள்ளைகள் பலருக்குத் தாயின் விசுவாசம் இல்லை. பாஸ்கா இரவில் அண்ணன்மார் செபங்களை விளையாட்டாகச் சொல்வதும் உண்டு. ஆனால் பரிகார நாள் நோன்பை மட்டும் அந்த வீட்டில் யாரும் விடவில்லை. வெளியூரில் சட்டங்களை அனுசரிக்காத பிள்ளைகளும் தாயின் கூரைக்கடியில் அன்று பட்டினி இருந்தார்கள். எடித்தும் இருந்தார்.

நம்பிக்கை இல்லாதவர் இருந்த நோன்புக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். நாங்கள் அவ்வாறு நினைக்கவில்லை. தாயின் மனத்தை மதித்துத் தாங்கிய பசியும் அன்பின் ஒரு வடிவம்தான். உண்மையைத் தேடுவதே தமக்குச் செபமாக இருந்தது என்று அவரே பிற்காலத்தில் அந்த ஆண்டுகளைப் பற்றி எழுதினார்.

உண்மையைத் தேடிய மாணவி

ப்ரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் பயின்றபின், 1913-இல் கோட்டிங்கன் நகருக்குச் சென்று புகழ்பெற்ற தத்துவப் பேராசிரியர் எட்மண்ட் ஹுசெர்லின் மாணவியானார். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. மறு ஆண்டு எடித் செஞ்சிலுவைச் சங்கத் தாதியாக மொராவியாவிலிருந்த இராணுவ மருத்துவமனைக்குப் புறப்பட்டார். தொற்றுநோய் கண்ட வீரர்கள் கிடந்த இடம் அது. தாய் கடுமையாகத் தடுத்தும் அவர் மனம் மாறவில்லை. விஷக்காய்ச்சலில் வாடியவர்களுக்கும் மொழி தெரியாத பல நாட்டு வீரர்களுக்கும் பணிவிடை செய்தார்.

1916-இல் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் மிக உயர்ந்த பாராட்டுடன் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ந்த பொருள், பிறர் உணர்வைத் தம் உணர்வாக அறியும் ஆற்றல். மருத்துவமனையில் அவர் கண்ட துன்பங்களும் இந்த ஆராய்ச்சிக்கு ஆழம் தந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. பிறகு ஹுசெர்லின் உதவியாளராக 1918 வரை உழைத்தார். ஆனால் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக முயன்றபோது பெண் என்பதால் கதவு அடைக்கப்பட்டது. எடித் வாளாவிருக்கவில்லை. கல்வி அமைச்சுக்கு முறையிட்டார். பெண்ணாக இருப்பது அப்பதவிக்குத் தடை ஆகாது என்று 1920-இல் பிரஷ்ய அரசு விடையளித்தது. அந்த விடையால் அவருக்கு வேலை கிடைக்கவில்லை; பின்வந்த பெண்களுக்கு வழி கிடைத்தது.

இருள் விலகியது

1917-இல் எடித்தின் ஆசிரியரும் நண்பருமான அடால்ஃப் ரைனாக் போரில் மடிந்தார். அவருடைய தாள்களை ஒழுங்குபடுத்த எடித் போனபோது, நொறுங்கிப்போன ஒரு விதவையைக் காணப்போகிறோம் என்று அஞ்சினார். ஆனால் அன்னா ரைனாக் அம்மையார் கிறிஸ்துவின் சிலுவையில் நம்பிக்கை வைத்து அமைதியாக இருந்தார். அந்தக் காட்சி எடித்தின் அவநம்பிக்கையை அசைத்தது.

1921-ஆம் ஆண்டு கோடையில் பெர்க்சாபெர்ன் என்னும் சிற்றூரில் தோழி ஹெட்விக் கான்ராட்-மார்ட்டியுஸ் வீட்டில் தங்கியிருந்தார். அங்கே அவிலா நகர்ப் புனித தெரேசம்மாளின் சுயசரிதை அவர் கைக்குக் கிடைத்தது. அதை வாசித்து முடித்தபோது தாம் இத்தனை ஆண்டு தேடிய உண்மையைக் கண்டுகொண்டதாக உணர்ந்தார். 1922-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், அவ்வூர்ப் புனித மார்ட்டின் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். புரோட்டஸ்டாண்டு சபையைச் சேர்ந்த ஹெட்விக்கே சிறப்பு அனுமதியுடன் ஞானத்தாயாக நின்றார். அவருடைய திருமண வெள்ளை மேலங்கியையே எடித் அன்று அணிந்திருந்தார்.

பிறகுதான் மிகக் கடினமான வேலை காத்திருந்தது. தாயிடம் சொல்ல வேண்டும். கடிதம் எழுதி விட்டுவிடாமல், எடித் வீட்டுக்கே சென்று நேரில் தெரிவித்தார். எத்தனையோ இடர்களில் கலங்காத ஆகுஸ்தா அம்மையார் அழுதார். மகள் அதற்கு முன் அவர் அழுது கண்டதில்லை. ஆயினும் எடித் தாயுடன் செபக்கூடத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. தம் கட்டளைச் செபப் புத்தகத்திலிருந்து அங்கே பாடப்பட்ட அதே சங்கீதங்களைச் செபித்தார். தாயும் மகளும் ஒரே சங்கீதங்களால் ஒரே கடவுளைத் துதித்தார்கள். வியப்பான செய்தி ஒன்று உண்டு. சிறு வயதில் யூத வழிபாட்டை விட்டவர், கிறிஸ்துவிடம் வந்தபின்னரே தாம் மீண்டும் யூதப் பெண் ஆனதாக உணர்ந்தார். இயேசுவும் மாதாவும் தம் இனத்தாரே என்பதில் அவருக்கு அளவற்ற மகிழ்ச்சி.

ஆசிரியை எடித்

1923 முதல் 1931 வரை ஸ்பையர் நகரில் தொமினிக்கன் கன்னியர் நடத்திய புனித மதலேனம்மாள் பள்ளியில் ஜெர்மன் மொழியும் வரலாறும் கற்பித்தார். நம்மைப் போன்ற பெண்பிள்ளைகளே அவருடைய மாணவிகள். மடத்தில் ஒரு சிறு அறையில் எளிமையாக வாழ்ந்தார். ஓய்வு நேரத்தில் புனித தாமஸ் அக்குவினாரின் நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். ஏட்டுக்கல்வியோடு பெண்கள் உலக விவகாரங்களையும் அறிய வேண்டும், வாக்குரிமையைச் சிந்தித்துப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. பல நகரங்களில் பெண்கல்வி பற்றிச் சொற்பொழிவாற்றினார். பெண் செய்ய இயலாத தொழில் எதுவும் இல்லை என்று துணிந்து கூறினார்.

1932-இல் மூன்ஸ்டர் நகரின் கல்வியியல் கழகத்தில் விரிவுரையாளரானார். ஆனால் 1933 சனவரியில் இட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்களைப் பதவிகளிலிருந்து அகற்றும் சட்டம் ஏப்ரலில் வெளிவந்தது. எடித்தின் விரிவுரையும் அத்துடன் நின்றது.

அந்த ஏப்ரல் மாதத்தில் அவர் ஒரு கடிதம் எழுதினார். பாப்பரசர் பதினோராம் பத்திநாதருக்கு எழுதிய அக்கடிதத்தில், ஜெர்மனியில் யூதர்களுக்கு நடக்கும் கொடுமைகளை எடுத்துரைத்தார். கிறிஸ்தவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் ஓர் அரசு இவற்றைச் செய்யும்போது திருச்சபை மௌனமாக இருக்கலாகாது, வாய் திறந்து பேச வேண்டும் என்று மன்றாடினார். அவருக்கும் குடும்பத்தினருக்கும் ஆசீர் மட்டுமே பதிலாக வந்தது. 1937-இல் அதே பாப்பரசர் நாஜிக் கொள்கைகளைக் கண்டித்துச் சுற்றுமடல் வெளியிட்டார். எனினும் யூத மக்கள் படும் துன்பத்தை அது பெயர் சொல்லிக் கூறவில்லை. எடித்தின் கடிதம் வத்திக்கான் காப்பகத்திலிருந்து 2003-ஆம் ஆண்டில்தான் உலகுக்கு வெளியானது. நேரத்தில் பேச வேண்டிய ஒரு வார்த்தை எத்தனை விலையுள்ளது என்பதை இதிலிருந்து நாம் உணர்கிறோம்.

தாயும் மகளும்

ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்தே எடித்துக்குக் கார்மேல் மடத்தில் சேர ஆசை. தாயின் துயரத்தை எண்ணியும் ஆன்ம குருக்களின் ஆலோசனைப்படியும் பன்னிரண்டு ஆண்டுகளாக அதைத் தள்ளிவைத்தார். இப்போது வேலையும் இல்லை; வழி திறந்தது. 1933 ஆகஸ்டு மாதத்தில் தாயிடம் விடைபெற ப்ரெஸ்லாவ் சென்றார். அந்த ஆண்டின் பரிகார நாளும் அவர் வீட்டிலிருந்த வாரங்களிலேயே, செப்டம்பர் 30-ஆம் நாள் வந்தது. தாய்க்கு அப்போது 84 வயது. தம் மக்களை ஊரெங்கும் வெறுப்போடு பார்க்கும் அந்தக் காலத்தில் மகளும் பிரிந்து கன்னிமடம் புகுவதைத் தாயால் தாங்க முடியவில்லை. இனத்தை விட்டு மகள் ஓடுவதாகவே அவருக்குத் தோன்றியிருக்கும்.

அந்த வாரங்களில் எடித் ஒரு நூல் எழுதத் தொடங்கினார். ஒரு யூதக் குடும்பத்தின் வாழ்க்கையை, தம் தாய் சொன்னவற்றிலிருந்தும் தம் நினைவிலிருந்தும் அதில் எழுதினார். யூதர்களைக் கொடியவர்களாகச் சித்திரித்த பிரசாரத்தை நம்பிய ஜெர்மன் இளைஞர்களுக்கு, யூதரும் அவர்களைப் போன்ற மனிதரே என்று காட்டுவதே அவர் நோக்கம். பரிகார நாளைப் பற்றியும் தம் தாயின் நோன்பைப் பற்றியும் நாம் அறிவது அந்த நூலால்தான்.

அக்டோபர் 12. எடித்தின் 42-ஆம் பிறந்தநாள். வீட்டில் அவருக்குக் கடைசி நாள். கூடாரப் பண்டிகையின் நிறைவு நாளும் அதுவே. தாயுடன் செபக்கூடத்துக்குச் சென்றார். திரும்பும்போது வண்டியில் ஏறாமல் நெடுந்தூரம் இருவரும் நடந்தே வந்தனர். மகளோடு பேசிக்கொண்டு வர வேண்டும் என்று தாய் விரும்பியிருந்தார். இயேசு நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் அவர் ஏன் தம்மைக் கடவுளாக்கிக்கொண்டார் என்பதே அத்தாயின் தீராத கேள்வி. அன்று இரவு எல்லாரும் சென்றபின் ஆகுஸ்தா அம்மையார் முகத்தைக் கைகளில் புதைத்து அழுதார். எடித் தாயின் நரைத்த தலையைத் தம் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மறுநாள் காலை இரயில் ஏறினார். அக்டோபர் 14-இல் கொலோன் கார்மேல் மடத்துக்குள் நுழைந்தார். தாயை அவர் மீண்டும் காணவில்லை.

பெற்றோர் விரும்பாத வழியில் போவது சரியா என்று நம் தோழியரிடையே இதைப் பற்றி வாதம் எழலாம். எளிதில் விடை கூற இயலாது. தாயும் மகளும் இருவருமே தத்தம் மனச்சாட்சிக்கு உண்மையாக இருந்தார்கள். இருவருமே அதற்கான விலையைக் கொடுத்தார்கள். ஒருவரை ஒருவர் நேசிப்பதை மட்டும் அவர்கள் நிறுத்தவில்லை என்று கூறலாம்.

மடத்து வாழ்வு

மடத்தில் டாக்டர் எடித் ஸ்டெயின் கடைசி இடத்தில் இருந்தார். அவரைவிட மிக இளையவர்களோடு நவகன்னிகையாகப் பயிற்சி பெற்றார். தையலும் வீட்டு வேலையும் அவருக்குச் சரியாக வராது. பெரிய தத்துவ நூல்களை விளக்கிய அறிஞர், துடைப்பம் பிடிக்கத் தடுமாறினார். அதைக் குறித்து அவர் வெட்கப்படவில்லை. 1934 ஏப்ரலில் துறவு உடையும் சிலுவையின் தெரேசா பெனடிக்டா என்னும் பெயரும் பெற்றார். வாரந்தோறும் தாய்க்குக் கடிதம் எழுதினார். நெடுங்காலம் பதில் வரவில்லை. பிறகு அக்காள் ரோசாவின் கடிதங்களின் ஓரத்தில் தாய் வாழ்த்து எழுதத் தொடங்கினார்.

1936 செப்டம்பர் 14-ஆம் நாள், திருச்சிலுவை மகிமை விழாவன்று, கன்னியர் தம் வாக்குறுதிகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது ஆகுஸ்தா அம்மையார் ப்ரெஸ்லாவில் காலமானார். அவர் சாகுமுன் கிறிஸ்தவர் ஆனார் என்று ஒரு வதந்தி எழுந்தது. எடித் அதை உடனே மறுத்தார். தம் தாய் இறுதிவரை தம் விசுவாசத்தில் உறுதியாக நின்றவர், அந்த விசுவாசமே அவரைக் காத்தது என்று எழுதினார். பிறர் விசுவாசத்தை மதிப்பதில் இதைவிடச் சிறந்த பாடம் வேறு உண்டோ? ரோசா அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் முந்திய நாளில் ஞானஸ்நானம் பெற்றார்.

அதே 1936-இல் திருச்சபையின் செபம் பற்றி எடித் ஒரு கட்டுரை எழுதினார். அதில் பரிகார நாளில் திருத்தூயகத்துக்குள் தனியே நுழையும் தலைமைக் குருவை நினைவுகூர்ந்தார். பெரிய வெள்ளியில் தம்மையே பலியாக்கிய கிறிஸ்துவின் முன்னடையாளமாக அந்த நாளைக் கண்டார். அவர் பிறந்த நாளும் அவர் ஏற்ற சிலுவையும் அவர் உள்ளத்தில் ஒன்றாயின.

இறுதிப் பயணம்

1938 நவம்பர் 9-ஆம் நாள் இரவு ஜெர்மனியெங்கும் யூதச் செபக்கூடங்கள் தீக்கிரையாயின. ப்ரெஸ்லாவின் புதிய செபக்கூடமும் எரிந்தது. எடித்தால் மடத்துக்கு ஆபத்து வரலாம் என்பதால், ஆண்டின் கடைசி நாளில் அவர் எல்லை கடந்து ஹாலந்து நாட்டின் எக்ட் கார்மேலுக்குச் சென்றார். ரோசாவும் பின்னர் அங்கே வந்து சேர்ந்தார். 1939-இல் தபசு காலத்தின் ஒரு ஞாயிறன்று, உலகச் சமாதானத்துக்காகத் தம்மைப் பரிகாரப் பலியாக ஒப்புக்கொடுக்கத் தம் மடத் தலைவியிடம் அனுமதி கேட்டார். தம் மக்களுக்காக அரசன்முன் நின்ற எஸ்தர் அரசியை அடிக்கடி நினைத்துக்கொண்டார்.

1940-இல் ஜெர்மன் படை ஹாலந்தைப் பிடித்தது. சுவிட்சர்லாந்து மடம் ஒன்றுக்குத் தப்பிச் செல்ல ஏற்பாடு நடந்தது. ரோசாவுக்கு இடமின்றித் தாம் மட்டும் போக எடித் சம்மதிக்கவில்லை. 1942 சூலையில் ஹாலந்தின் கிறிஸ்தவ சபைகள் யூதர்களை நாடு கடத்துவதை எதிர்த்து ஆட்சியாளருக்குத் தந்தி அனுப்பின. மௌனமாக இருந்தால் ஞானஸ்நானம் பெற்ற யூதர்களை விட்டுவிடுவதாக நாஜிகள் தெரிவித்தனர். கத்தோலிக்க ஆயர்கள் மௌனத்தை ஏற்கவில்லை. சூலை 26 ஞாயிறன்று எல்லா ஆலயங்களிலும் கண்டன மடல் வாசிக்கப்பட்டது. 1933-இல் எடித் எதை வேண்டினாரோ அதை அந்த ஆயர்கள் துணிந்து செய்தார்கள். பழிக்குப் பழியாக ஆகஸ்டு 2 ஞாயிறன்று கத்தோலிக்க யூதர்கள் நூற்றுக்கணக்கில் பிடிக்கப்பட்டனர். எக்ட் மடத்து வாசலுக்கும் வண்டி வந்தது. எடித்தும் ரோசாவும் சில நிமிடங்களில் புறப்பட வேண்டியதாயிற்று.

வெஸ்டர்போர்க் முகாமில் துயரத்தால் நிலைகுலைந்த தாய்மார் தம் குழந்தைகளைக் கவனிக்கவும் இயலாமல் இருந்தனர். எடித் அக்குழந்தைகளைக் குளிப்பாட்டி, தலைவாரி, உணவூட்டி ஆறுதல் அளித்தார் என்று அவரை அங்கே கண்டவர்கள் கூறினர். ஆகஸ்டு 7-இல் இரயில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. 1942 ஆகஸ்டு 9-ஆம் நாள் ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் முகாமின் நச்சுவாயு அறையில் அக்காளும் தங்கையும் உயிர் நீத்தனர். அவருக்கு வயது 50. அண்ணன் பவுலும் அக்காள் பிரீடாவும் தெரேசியன்ஸ்டாட் முகாமில் மாண்டனர். கல்லறை என்று எடித்துக்கு எதுவும் இல்லை.

அவர் யாருக்குச் சொந்தம்?

பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1987 மே முதல் நாள் கொலோனில் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 1998 அக்டோபர் 11-இல் உரோமையில் புனிதராகவும் உயர்த்தினார். 1999-இல் அவர் ஐரோப்பாவின் துணைப் பாதுகாவலியரில் ஒருவரானார். ஆகஸ்டு 9 அவரது திருநாள். யூதர் பலருக்கு இதில் மனவருத்தம் உண்டு. அவர் கத்தோலிக்கர் என்பதற்காகக் கொல்லப்படவில்லை, யூதர் என்பதற்காகவே, அறுபது இலட்சம் யூதர்களுள் ஒருவராகக் கொல்லப்பட்டார் என்று அவர்கள் கூறுகின்றனர். அது உண்மை. ஆயர்களின் மடலுக்குப் பழியாகவே அவர் பிடிக்கப்பட்டார் என்று திருச்சபை கூறுவதும் உண்மை. ஆண்டுதோறும் இப்புனிதையை நினைக்கும்போது, கொல்லப்பட்ட அந்த யூத மக்கள் அனைவரையும் நினைக்க வேண்டும் என்று பாப்பரசரே புனிதர் பட்டத் திருப்பலியில் வலியுறுத்தினார். எனவே எடித்தை நமக்கு மட்டுமே சொந்தம் என்று பற்றிக்கொள்வது முறையல்ல.

அன்புத் தோழியரே, தபசு காலத்தில் ஒருசந்தி இருக்கும் நாம், மாலை எப்போது வரும் என்று மணி பார்ப்பதோடு நின்றுவிடுகிறோமா? பரிகார நாளில் பிறந்த இப்பெண்ணின் நோன்பு ஓர் இரவும் ஒரு பகலும் மட்டும் நீடிக்கவில்லை. அது வாழ்நாள் முழுதும் நீண்டது. பேச வேண்டிய வேளையில் பேசினார். பிரிய வேண்டிய வேளையிலும் நேசித்தார். தப்ப வழி இருந்தும் அக்காளைத் தனியே விடவில்லை. பட்டினி கிடப்பதற்கு முன் நாம் நோகச் செய்த தோழியிடம் சென்று மன்னிப்புக் கேட்போம். பிற சமயத்தாரின் செபத்தையும் நோன்பையும் மதிப்போம். அநீதியைக் கண்டால் மௌனம் சாதியாதிருப்போம். அதுவே இறைவன் விரும்பும் நோன்பு.